முன்பலகையில் என் கை

மே 24

கோடையின் முதல் விருந்தாளிகள் இன்று. காசு கொடுத்துப் படகேறி, ஏரியில் பாஸ் மீன் பிடிக்க வருகிறவர்களை அப்பா அப்படித்தான் சொல்வார். படகை ஓட்டுவது, மீன் நிற்கும் இடத்தைக் காட்டுவது, சிக்கிய நூலைப் பிரிப்பது — இவை அவர் வேலை. விருந்தாளி இருக்கும்போது அவர் தூண்டில் வீசமாட்டார். "பரிமாறுறவன் பாதியில சாப்பிட உக்காரக் கூடாது." விருந்தாளி இல்லாத நாளில் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அப்பா மீன் பிடித்து நான் பார்த்ததே இல்லை. இன்றுதான் இது உறைத்தது.

மே 27

கண் டாக்டர் சொன்னதை அம்மா சமையலறையில் வைத்துச் சொன்னாள். அப்பாவுக்கு நேரே இருப்பது தெரிகிறது. பக்கங்கள் மூடிக்கொண்டு வருகின்றன. போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டால், இருப்பது நிற்கலாம்.

"அப்ப படகு?"

"இந்தக் கோடை மட்டும்னு பிடிவாதமா இருக்கார். நீ முன்பலகையில உக்காரு. இடது பக்கம் ஏதாவது வந்தா இடது கையை விளிம்புல வை. வலதுன்னா வலது. நேரா உன்னைத்தானே பாப்பார்."

"அவர்கிட்ட யார் சொல்றது?"

"சொல்லியாச்சு. பேசாம இருந்தார். சரின்னு அர்த்தம்."

தத்துவத்தில் எம்.ஏ. முடித்தவளுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம்: கைகாட்டி.

ஜூன் 2

கை வைக்கிறேன். படகு விலகுகிறது. இதைப் பற்றி அப்பாவும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் உடைந்துவிடும் — எது?

ஜூன் 8

பல் டாக்டர் வந்தார். வருடம் தவறாதவர். கூடவே அவர் மனைவியின் தம்பி. படகில் எல்லோருக்கும் அவர் மச்சான்தான். மச்சானுக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையைக் கரையிலேயே கழுத்துவரை இறுக்கிக்கொள்வார்.

டாக்டருக்குப் பெரிய மீன். கட்டைவிரலால் கீழ் உதட்டைப் பிடித்துத் தூக்கி வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "வாய் இவ்வளவு பெருசு, உருப்படியா ஒரு பல்லு இல்ல. எனக்கு உதவாத ஜென்மம்" என்று தண்ணீரில் விட்டார்.

"உங்க கிளினிக்குல வாயைத் திறந்துட்டு மாட்டிக்கிறவங்களையும் இப்படிச் சும்மா விட்டா புண்ணியமாப் போகும் மாமா" என்றார் மச்சான்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். படகில் இருக்கும் அப்பா வேறு ஆள்.

ஜூன் 9

எழுத வரவில்லை. எழுதுகிறேன்.

நாணலுக்கு நடுவே ஒரு குறுகிய வழி. வலது பக்கம் பட்ட மரத்தின் அடிக்கட்டை ஒன்று தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்தேன். வலது கை வைக்க வேண்டும் — வைக்கத்தான் போனேன்.

இடது பக்கம், ஆழமில்லாத தெளிந்த தண்ணீரில், ஒரு பாஸ் மீன். கறுப்புப் புகை மாதிரி குஞ்சுகள். சுற்றிச் சுற்றி அது. இந்த இனத்தில் காவல் காப்பது அப்பன். படகு கிட்டே வந்தும் அது நகரவில்லை. நான் குனிந்தேன். இடது கையை விளிம்பில் ஊன்றி.

அப்பா வலது பக்கம் திருப்பினார். படகு நேரே கட்டையில் மோதியது.

மச்சான் தண்ணீரில். மிதவைச் சட்டை தூக்கிக் கொடுத்தது. டாக்டர் கையைப் பிடித்து இழுத்தார். மச்சானின் மூக்குக்கண்ணாடி ஏரியோடு போயிற்று.

"அண்ணே, இவ்வளவு பெரிய கட்டை. பாக்கலையா?" என்றார் டாக்டர்.

என் தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"பாக்கல தம்பி. பக்கத்துல இருக்கறது எனக்குத் தெரியறதில்ல. கொஞ்ச நாளா."

மச்சான் நடுங்கிக்கொண்டே, "பரவால்ல, எப்படியும் இன்னைக்குக் குளிக்கணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 10

அப்பா படகுச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். சாப்பிட வரவில்லை.

ஜூன் 11

"என் கைதான்ப்பா தப்பு."

"உன் கையில என்ன தப்பு? அவங்ககிட்ட சொல்லாம அதை நம்பி ரெண்டு பேரை ஏத்துனேன் பாரு, அது தப்பு."

பிறகு: "அங்க என்னத்தைப் பாத்த?"

சொன்னேன். குஞ்சுகள் எவ்வளவு பெரிசு என்றார். சுண்டுவிரல் நகத்தை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன்.

"அப்ப இன்னும் ஒரு வாரம் அந்தப் பக்கம் போகக் கூடாது."

யார் போகக் கூடாது? யார்தான் போகப்போகிறார்கள்?

ஜூன் 15

பல் டாக்டரிடமிருந்து போன். அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். இனி நம் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்றே நினைத்திருந்தேன்.

"மச்சான் புதுக் கண்ணாடி வாங்கிட்டான், மறுபடி வரணுங்கறான். ஆனா ஒண்ணு அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. படகை யார் ஓட்டுவாங்க?"

அம்மா அப்பாவின் அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு, "நான்" என்றாள்.

இத்தனை வருடமும் மதியச் சாப்பாட்டைச் சின்னப் படகில் வைத்து, இவர்கள் ஏரியின் எந்த மூலையில் இருந்தாலும் தேடி வந்து கொடுத்தவள் அவள். படகோட்டுவது என்று அதை நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல்: "அந்தப் பெரிய எஞ்சினை வேகமாத் திருகாத. கோச்சுக்கும்."

"உங்களோடயே குப்பை கொட்டிட்டேன். அதுக்கா பயப்படப்போறேன்?"

ஜூன் 17

பழகும்போது அம்மா படகைத் துறையில் இரண்டு முறை இடித்தாள். அப்பா சத்தத்தைக் கேட்டே எந்த இடம் என்று சொன்னார்.

ஜூன் 22

எஞ்சினருகே அம்மா. நடுவில் டாக்டர், மச்சான், அவர்களுக்கிடையே அப்பா. முன்பலகையில் நான், பழக்கத்தால்.

"நாணல் முடியற இடத்துல நிழல் விழுந்திருக்கும். அங்க போடுங்க" என்றார் அப்பா. நிழல் விழுந்துதான் இருந்தது. டாக்டர் போட்டார், ஒன்றும் கடிக்கவில்லை. மச்சான் தன் தூண்டிலை அப்பாவின் மடியில் வைத்தார்.

"நீங்க ஒரு கை பாருங்கண்ணே."

"நான் விருந்தாளி இல்லப்பா."

"என் படகுல ஏறினா எல்லாரும் விருந்தாளிதான்" என்றாள் அம்மா. "பிடிங்க."

அப்பா அதை எடுத்து எடை பார்த்தார். மணிக்கட்டு மட்டும் அசைந்தது. நூல் என் தலைக்கு மேலே விசிலடித்துக்கொண்டு போயிற்று.

"எங்க விழுந்துச்சு?" எல்லோருக்கும் கேட்கும்படி, சத்தமாகத்தான் கேட்டார்.

"நிழல்லதான்ப்பா. நாணலுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம்."

"ம்" என்று நூலை மெல்லச் சுற்றத் தொடங்கினார்.

என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.