ரப்பர் துண்டின் எடை

கும்மிடிப்பூண்டி
18-1-2026, ஞாயிறு

அன்பு மகள் மோனிகாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் இங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்த வடக்கத்தி ஊர்க் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறோம். கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மூன்று தரம் போனில் சொல்லப் பார்த்தேன் மா, மூன்று தரமும் சோனிபட்டில் பனி எப்படி, ஸ்கூலில் நீ குஸ்தி பழக்குகிற பிள்ளைகள் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நம் தெருவில் கால்வாய்க்குத் தோண்டிப்போட்டு இரண்டு மாதம் ஆகிறது, மூடுகிற வழியைக் காணோம், தாண்டித் தாண்டித்தான் சர்ச்சுக்குப் போய் வந்தோம். எனக்குத்தான் பத்து நாளாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. டீ போட்டு வைத்தால் ஆறிப்போகிறது. மில்லில் வே பிரிட்ஜில் ஏறுகிற லாரிகளை எல்லாம் இரண்டு தடவை எடை போடச் சொல்கிறேன், வண்டி வரிசை ரோடு வரைக்கும் போய் நிற்கிறது. எளாவூர் செக்போஸ்ட் தாண்டி வருகிற நெல்லூர் டிரைவர் ஒருவன் இறங்கி வந்து, இன்னா நைனா, லாரி இன்னா அஞ்சு நிமிசத்துல சதை போட்டுக்குமா என்று கத்தினான். அவன் கத்தினதில் தப்பு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் காலேஜ் பி.டி. சேகர் சார் ஒரு புத்தகம் போடுகிறார். நம் கல்லூரிகள் மல்யுத்தக் கூட்டமைப்புக்கு இது இருபத்தைந்தாவது வருஷம், பிப்ரவரி ஏழாம் தேதி சனிக்கிழமை திருப்பாச்சூர் பக்கம் ஒரு காலேஜில் வெள்ளி விழா, அன்று அதன் வரலாற்றைப் புத்தகமாகக் கொடுக்கப் போகிறார்கள். எந்த வருஷம் யார் எந்த எடையில் நின்றார்கள் என்று என் நோட்டுகளில் மட்டும்தான் இருக்கிறது, அதனால் பெட்டியைத் திறந்து எல்லா நோட்டையும் எடுத்து வைக்கச் சொன்னார். அதில்தான் வந்தது வினை.

உனக்குத் தெரியாததையும் சேர்த்தே சொல்கிறேன். 2001இல் நான்கு காலேஜ் சேர்ந்து ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் வந்தது பத்தொன்பது பையன்கள், அதில் பதினைந்து பேர் கபடிக்காரர்கள், காலைப் பிடித்து இழுத்தால் அதுதான் குஸ்தி என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள். மேட் ஏது, ஓர் அரிசி மில்லுக்குப் பின்னால் மணலைக் கொட்டித் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். நடுவர் சூளூர்பேட்டை லோக்கலில் வந்து இறங்கினார். எடை பார்க்க எங்கிருந்தோ ஒரு பழைய தராசு கொண்டு வந்தார்கள், ஒரே பையனை மூன்று தடவை ஏற்றினால் மூன்று எடை காட்டியது, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அப்போது சேகர் சார் நம் தெருவில்தான் குடியிருந்தார். நேராக மில்லுக்கே வந்து, தாவீதண்ணே, லாரியவே எட போட்றீங்க, பசங்கள போட மாட்டீங்களா என்று கேட்டார். அன்று போனவன்தான். நடுவில் இரண்டு காலேஜ், போட்டியை எங்கள் மைதானத்தில்தான் நடத்த வேண்டும் என்று கோபித்துக்கொண்டு போய், இரண்டு வருஷம் கழித்துத் தாங்களே திரும்பி வந்தார்கள். ஒரு காலேஜ் நீல மேட்டும் இன்னொரு காலேஜ் சிவப்பு மேட்டும் கொண்டுவந்து ஒட்டிப்போட்டு, நடுவில் இருக்கிற இடுக்கில் கால் விரல் மாட்டிக்கொண்டு எத்தனையோ பேர் நொண்டினார்கள். பெண் பிள்ளைகள் 2010இல்தான் வந்தார்கள், ஆறே பேர். அவர்களுக்காக ஓர் ஏற்பாடு பண்ணினேன். தராசின் மேடை திரைக்கு உள்ளே, கூட ஒரு லேடி டீச்சர். எண் தெரிகிற பெட்டி ஒயரோடு திரைக்கு வெளியே, என் மேஜையில். உள்ளே இரும்பு சில்லென்று இருக்கிறது என்று பிள்ளைகள் குதிக்கவும், மில்லில் கழித்துப்போட்ட ரப்பர் கன்வேயர் பெல்ட்டில் ஒரு துண்டை அறுத்து மேடைமேல் போட்டு, அதன் எடையைக் கழித்துப் பூஜ்யம் வைத்துவிட்டுத்தான் ஆளை ஏற்றுவேன். இன்று பதினோரு காலேஜ் ஆகிவிட்டது, அந்த ஏற்பாடு மாறவில்லை.

அந்தப் புத்தகத்தில் என்னைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது மோனி. எந்தக் கதை என்று உனக்கே தெரியும். சொந்த மகளை நூற்றைம்பது கிராமுக்காக வெளியே அனுப்பிய மனிதர் என்று சேகர் சார் ஒவ்வொரு வருஷமும் மைக்கைப் பிடித்துச் சொல்கிறாரே, அதே கதை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு யார் ஜெயித்தார்கள் என்று தெரியாது, இந்தக் கதை மட்டும் தெரியும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அதற்காகப் பொன்னாடை போட்டுக் கேடயமும் கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் வாங்கி டி.வி. மேல் வைத்தேன், அம்மா மறுநாளே அதை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டுவிட்டாள்.

2017 நோட்டைப் பார்த்தேன். மில்லில் பழகின பழக்கம், ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் நேரம் போட்டிருப்பேன். புயல் அடித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த காலம். ஏழு பத்துக்குக் கரண்ட் போனது, ஏழரைக்கு ஜெனரேட்டர் போட்டார்கள். ஐம்பத்தைந்து கிலோவில் நின்ற ஒரு பெண் ஏழு மணிக்கு ஏறினபோது 54.200. அடையாள அட்டை எடுத்துவரவில்லை என்று அவளை அனுப்பி, திரும்ப வந்தபோது மறுபடி ஏற்றியிருக்கிறேன், ஏழு முப்பத்தைந்துக்கு 54.550. இரண்டுமே ஐம்பத்தைந்துக்குள் இருந்ததால் அன்று யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கு இப்போதுதான் உறைத்தது. பரணில் இருந்து அந்த ரப்பர் துண்டை இறக்கி, மில்லுக்கு எடுத்துப்போய் சின்னத் தராசில் வைத்தேன். முந்நூற்றைம்பது கிராம். நாற்பத்தெட்டு கிலோவில் நின்ற உன் பெயருக்கு நேரே பார்த்தேன், ஏழு நாற்பது, 48.150. ரப்பரைக் கழித்தால் 47.800.

உடனே சேகர் சார் வீட்டுக்கு ஓடினேன். அவர், அண்ணே, பேஜாரு பண்ணாதீங்க, புக்கு பிரஸ்சுக்குப் போற நேரம், அந்தப் பொண்ணு நடுவுல தண்ணி குடிச்சிருக்கும் என்றார். நானும் அன்றைக்கு அதையேதான் சொன்னேன் மா. நீ திரைக்கு உள்ளேயிருந்து, அப்பா தப்பா காட்டுதுப்பா, நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல என்றாய். நான் எழுந்து வந்து பார்க்கவில்லை. கரண்ட் வந்ததும் பெட்டி பூஜ்யம் காட்டியது எனக்குப் போதுமாக இருந்தது, அதற்கப்புறம் ஒருத்தி இறங்கி அடுத்தவள் ஏறுகிற இடைவெளியில் அது என்ன காட்டியது என்று நான் பார்க்கவே இல்லை. லாரி ஏறுவதற்கு முன்னால் மேடையில் சேறு இருக்கிறதா, கல் கிடக்கிறதா என்று முப்பது வருஷமாக எழுந்துபோய்ப் பார்க்கிறவன், பெற்ற பிள்ளைக்கு எழுந்திருக்கவில்லை. மகள் என்பதால் விட்டுவிட்டான் என்று எவனாவது பேசிவிடுவானோ என்ற பயம் ஒன்றுதான் மண்டையில் இருந்தது. எல்லா காலேஜும் கேட்கும்படி, தராசு பொய் சொல்லல, நீதான் சொல்ற என்று கத்தினேன். நீ ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி இருபது நிமிஷம் ஓடிவிட்டு வந்தாய், 48.050, இந்த ஐம்பது கிராமைக் கதையில் யாரும் சொல்வதில்லை. அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு போட்டியில்தான் யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுத்தார்கள், அதுதான் உனக்குக் கடைசி வருஷம்.

இவ்வளவு தெரிந்தும் என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண் நிஜமாகவே தண்ணீர் குடித்திருந்தால், கணக்கு தற்செயலாக ஒத்துவந்திருந்தால் என்று சாக்குத் தேடியது. அன்று எடை கூடுதல் என்று உன்னோடு இன்னொரு பிள்ளையையும் அனுப்பினேனே, ஐம்பத்து மூன்று கிலோ கவிப்பிரியா, அவள் பொதட்டூர்பேட்டையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, வியாழக்கிழமை லீவு போட்டு மூன்று பஸ் மாறிப் போனேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். அந்த ரப்பர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஏன் இல்லாம, கரண்டு போனப்போ தர ஈரமா இருக்குதுன்னு மேடம் அத எடுத்து செவுத்துல சாச்சி வெச்சாங்க சார், கரண்டு வந்து பொட்டி எரிஞ்சப்புறம் நான்தான் திரும்ப எடுத்துப் போட்டேன் என்றாள். வெறும் மேடைக்குப் பூஜ்யம் காட்டியிருக்கிறது, அதற்குமேல் ரப்பர் ஏறியிருக்கிறது. அதற்கப்புறம் ஏறின எல்லாப் பெண் பிள்ளைகள் தலையிலும் முந்நூற்றைம்பது கிராமைக் கட்டியிருக்கிறேன். நான் சொல்லச் சொல்லக் கவிப்பிரியா தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு இட்லி சார், எங்கம்மா முந்தின நாளு கெஞ்சிக் குடுத்துச்சி, அந்த ரெண்டு இட்லியத்தான் இத்தினி வருசமா திட்டிக்கினு கெடந்தேன் என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மோனிகா இன்னா சொன்னா என்று கேட்டாள். இன்னும் சொல்லவில்லை என்றேன். அவளுக்கு வந்ததே கோபம். பெத்த பொண்ணுகிட்ட மொதல்ல சொல்லாம எங்கிட்ட ஏன் சார் வந்தீங்க, போங்க, மொதல்ல போயி சொல்லுங்க என்று கடையை விட்டே விரட்டினாள். வேறு ஊர்ப் பிள்ளையிடம் சொல்வது சுலபமாக இருந்தது மா, அதனால்தான் போனேன். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

நேற்று சேகர் சாரிடம், என் பக்கத்தை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று, நடந்ததை நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கொடுத்தேன். அதைப் போடாவிட்டால் நோட்டுகளையும் தர மாட்டேன், விழா மேடையில் மைக்கைப் பிடுங்கியாவது சொல்வேன் என்றேன். இருபத்தஞ்சு வருசத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச கத அது ஒண்ணுதான் அண்ணே, அதையும் கெடுக்கிறீங்களே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ராத்திரிக்குள் மனசு மாறினாரோ என்னவோ, இன்று சர்ச் வாசலில் வந்து நின்று, போட்றேன் அண்ணே, அந்த ரெண்டு பொண்ணுங்க பேரையும் சேத்துப் போட்றேன் என்றார். புத்தகம் திருந்திவிடும். அதனால் உனக்கு யுனிவர்சிட்டி டீம் வரப் போவதில்லை, விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலைக்கு விண்ணப்பம் போட்டு வைத்திருந்தாயே, அதுவும் வரப் போவதில்லை. அது தெரியாமல் எழுதவில்லை. மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. எம் பொண்ணு பொய் சொல்லலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும், தராசு வேணுமா அதுக்கு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குத் தெரியாமல் போய்விட்டது பார்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி ஹீட்டர் போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, உறைந்த எண்ணெயைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடாதே. உன்னிடம் படிக்கிற பிள்ளைகளை எடைக்கு ஏற்றும்போது ஒன்றுக்கு இரண்டு தடவை குனிந்து பார். கர்த்தர் உன்னைக் காத்து, உன் கைப்பட்ட பிள்ளைகளையும் மேலே தூக்கிவிட வேண்டும்.

இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் கூப்பிடு. அப்பா சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்காதே. அந்த நாளிலிருந்து ஒன்பது வருஷமாக அதை மட்டும்தான் கேட்கிறாய், அதற்கு முன்னால் நீ என்னோடு சண்டை போடாத நாளே கிடையாது. வாயில் வந்தபடி திட்டு. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நான் போனை வைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
நீ சொன்னதை நம்பாத உன் அப்பா
தாவீது