லாக்கில் விழாத வரிகள்

மில்வாக்கி
ஜனவரி 14

அன்புள்ள ஆர்விட்,

நலமா? டுலூத்தில் ஏரி உறைந்துவிட்டதா? கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய புகைபோட்ட மீன் பத்திரமாக வந்தது. நன்றி சொல்ல மூன்று வாரம் ஆக்கிவிட்டேன், திட்டிக்கொள். மின்னஞ்சலைத் தலைமுழுகிவிட்டுத் தாளில்தான் எழுதுவேன் என்கிற உன் பிடிவாதத்துக்கு என்னையும் பழக்கிவிட்டாய்.

நல்ல சேதி முதலில். எங்கள் ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருளை அடியோடு புதிதாக எழுதுகிறோம். அதற்கு எந்த லாக்கிங் லைப்ரரி என்று தேர்வு செய்வதை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். "அது என்னடி சாமான்?" என்று என் அக்கா கேட்டாள். "புரோகிராம் எழுதுற டைரி. எத்தனை மணிக்கு என்ன செஞ்சேன்னு தானே எழுதி வெச்சுக்கும்" என்றேன். "டைரி வாங்கறதுக்கா ஒரு மாசம் மீட்டிங் போடறீங்க?" என்றாள்.

போட்டியில் மூன்று இருக்கின்றன. ஒன்று நம் லூன். மினியாபொலிஸில் ஒரே மேசையில் உட்கார்ந்து நாம் எழுதியது. நான் வேலை, பிள்ளைகள் என்று நழுவிவிட்டேன். நீ ஒண்டியாளாகக் காப்பாற்றி வருகிறாய். இங்கே பன்னிரண்டு வருடமாக அதுதான் ஓடுகிறது.

மற்ற சேதி நல்லதல்ல. கவுண்டி நிர்வாகத்தின் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் டோரீன் என்று ஒருத்தி, பத்தொன்பது வருட சர்வீஸ். போன மாதப் பனிப்புயல் அன்று மாலை நெஞ்சுவலி என்று ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடம் தாமதம். மனிதர் இறந்துவிட்டார். புயலில் ஆம்புலன்ஸ் நிலையத்தின் இணைப்பு அறுந்து அறுந்து வந்ததால், உத்தரவு வழியில் தொலைந்ததா, இவள் அனுப்பவே இல்லையா என்று அங்கே யாருக்கும் தெரியாது. எங்கள் லாக், அந்த டைரி, ஒன்றுதான் சாட்சி. "நான் ஆம்புலன்ஸ அனுப்புற பட்டன அமுக்கினேங்க. என் விரலுக்குத் தெரியாதா?" என்கிறாள் டோரீன். லாக்கில் அந்த வரி இல்லை. தேடிப் பார்த்து "இல்லை" என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான். அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். பிப்ரவரி 20 விசாரணை. அதிலிருந்து மனசே சரியில்லை.

அன்புடன்,
பெர்னடெட்


டுலூத்
ஜனவரி 21

அன்புள்ள பெர்னி,

ஏரி உறைந்துவிட்டது, நானும் கூடவே. மீனுக்குத் தாமதமாக நன்றி சொன்னதை மன்னித்தேன். என் முழங்கால் எப்படி என்று ஒரு வார்த்தை கேட்காததை மன்னிக்கவில்லை.

உன் சேதியைப் படித்துவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்தேன். என் மனைவி மார்கிட் போனபிறகு இந்த வீட்டில் என்னோடு பேசுவது லூன் ஒன்றுதான். யாராவது ஒரு குறை எழுதுவார்கள், உட்கார்ந்து சரிசெய்வேன், பொழுது போய்விடும். ஆனால் ஒவ்வொருவராக விட்டுப் போகிறார்கள். போன வருடம் பெரிய இடம் இரண்டு கழன்றுகொண்டது. உங்கள் ஆபீசும் போய்விட்டால் அதைக் குழிதோண்டிப் புதைத்துவிட வேண்டியதுதான். சலுகை கேட்கவில்லை. மூன்றையும் ஒரே உலையில் போட்டுப் பார். என் பயல் எந்தப் பாரத்திலும் மூச்சுவாங்க மாட்டான்.

டோரீன் விஷயத்தில் உன்னை வருத்திக்கொள்ளாதே. மனுஷ ஞாபகம் தனக்கு வேண்டியதைத்தான் சொல்லும். லாக் அப்படியில்லை. இல்லை என்றால் இல்லை.

உன்,
ஆர்விட்


மில்வாக்கி
பிப்ரவரி 3

அன்புள்ள ஆர்விட்,

முழங்கால் எப்படி? கேட்டுவிட்டேன். இனி சொல்லப்போவதை உட்கார்ந்து படி.

நீ சொன்னபடி மூன்றையும் ஒரே உலையில் போட்டேன். புயல் அன்று மாலை எத்தனை அழைப்புகள் வந்தனவோ அதே வேகத்தில் ஒரு லட்சம் வரிகளைக் கொட்டினேன். மற்ற இரண்டில் முதலாவது திக்கித் திணறி, புரோகிராமையே மெதுவாக்கி, கடைசி வரி வரை எழுதி முடித்தது. இரண்டாவது, பாதியிலேயே படுத்துவிட்டது. லூன் ஓடிய அழகைப் பார்த்து இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். பிறகு எண்ணிப் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள் இல்லை. இல்லை என்பதற்கு ஒரு தடயமும் இல்லை.

கூட்டம் தாங்காதபோது "சாதாரணம்" என்று குறித்த வரிகளை லூன் கீழே போட்டுவிடுகிறது. பட்டனை அமுக்கியது எங்கள் கணக்கில் சாதாரணம்.

முன்பெல்லாம் இப்படி விட்டால் "இங்கே இத்தனை வரிகள் விடுபட்டன" என்று ஒரு குறிப்பு வருமே, நினைவிருக்கிறதா? அது எங்கே போனது என்று பழைய மாற்றங்களைத் தோண்டினேன். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, "குப்பையாகத் தெரிகிறது என்று பலர் குறைப்படுகிறார்கள்" என்று நீ அதை நீக்கியிருக்கிறாய். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் படித்தால்தான் உள்ளே விடுவோம் என்று நாமே விதி வைத்திருந்தோம். நீ அனுப்பிய இரண்டாவது நிமிடம் ஒப்புதல் விழுந்திருக்கிறது. "பார்த்தேன், சரி." என் பெயர்.

நான் பார்க்கவே இல்லை, ஆர்விட். கீழே எல்லோரும் மீன் வறுவல் விருந்துக்குக் கிளம்பி, காரில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாம் எல்லோரும் அப்படித்தானே செய்தோம்? நீ எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று.

விசாரணைக்கு நான் வாக்குமூலம் எழுதுகிறேன். செய்தவன் என்று நீயும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. நாம் இருவரும் சேர்ந்து சொன்னால் ஒருவரும் மறுக்க முடியாது. அதுவரை வாயைத் திறக்காமல் இருக்கிறேன். உன்னைக் கேட்காமல் உன் பெயரை இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
பெர்னடெட்


டுலூத்
பிப்ரவரி 11

பெர்னி,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். அதனால்தான் தாமதம்.

விளக்கக் குறிப்பில் பதினேழாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறேன்: பாரம் மிஞ்சினால் சாதாரண வரிகள் விடப்படும், வேண்டாமென்றால் அமைப்பில் ஒரு சொல்லை மாற்றிக்கொள்ளலாம். உங்கள் ஆட்கள் படிக்கவில்லை. ஓர் உயிர் தொங்குகிற பட்டனைச் சாதாரணம் என்று குறித்தது யார்? நானா? நீ பார்த்தேன் என்று எழுதினாய், நான் நம்பினேன்.

கோபத்தில் சொல்லிவிட்டேன், விடு. அன்று நீக்கிய குறிப்பைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். இனி ஒரு வரி விடுபட்டாலும் லூன் ஊரைக் கூட்டிச் சொல்லும். உன் ஒப்புதலுக்கு அனுப்பியிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு தேர்வை முடி. பழையதைக் கிளறாதே. ஓர் ஆம்புலன்ஸ் விசாரணையில் லூன் பெயர் வந்தால் மறுநாள் அதைத் தொட ஆள் இருக்காது. டோரீன் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள், தொழிற்சங்கம் இருக்கிறது, வேறு வேலை கிடைக்கும். எனக்கு என்ன இருக்கிறது, சொல்.

பயமாக இருக்கிறது, பெர்னி. அவ்வளவுதான்.

ஆர்விட்


மில்வாக்கி
பிப்ரவரி 22

ஆர்விட்,

உன் கடிதம் பதினான்காம் தேதி வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்லியிருந்தாய். என்னால் முடியவில்லை. இருபதாம் தேதி தனியாகப் போய், நான் படிக்காமல் சரி என்றதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

கவுண்டி வக்கீல் பொறுமையாகக் கேட்டார். "அப்போ அந்த வரியும் விழாம போயிருக்கலாம்ங்கிறீங்க. போச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியுமா, மேடம்?" முடியாது என்றேன். எழுதாத வரியை எங்கே போய்த் தேடுவது? பிறகு அவர் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். பன்னிரண்டாம் தேதி டோரீன் கையெழுத்துப் போட்டது. "நான் பட்டனை அமுக்கவில்லை." வேலை நீக்கத்தை உறுதி செய்துவிட்டார்கள்.

வராந்தாவில் அவளைப் பிடித்து, "ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க? அமுக்கினேன்னு தானே சொன்னீங்க?" என்று கேட்டேன். அவள் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"கம்ப்யூட்டர்ல இல்லன்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்களும் எழுதிக் குடுத்தீங்க. அதையே நெனச்சு நெனச்சு, போன வாரத்துல இருந்து எனக்கு அமுக்காத மாதிரியேதான் ஞாபகம் வருது. கைய மடியில வெச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கேன், இறந்துபோனவரோட மனைவி போன்ல கத்திக்கிட்டே இருக்காங்க" என்றாள். "இப்ப நீங்க வந்து என்ன சொன்னாலும் அது போக மாட்டேங்குதுங்க."

தேர்வு முடிந்துவிட்டது. மெதுவாக ஓடுகிற அந்த முதலாவதைத்தான் எடுத்திருக்கிறேன். உன் திருத்தத்தை வேறு யாரிடமாவது காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்.

உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. டோரீன் வீடு என் வீட்டிலிருந்து இருபது நிமிடம். மூன்றாம் தேதியே போய்க் கதவைத் தட்டி, "நீங்க அமுக்கியிருப்பீங்க, தப்பு எங்களுது" என்று சொல்லியிருக்கலாம். அப்போது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. நான் போகவில்லை. தினமும் தபால் பெட்டியைத் திறந்து உன் கடிதம் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெர்னடெட்