அந்தச் சிங்களப் பாட்டு

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்க கொழும்புக்குத் தோணியேறிப் போனதுல இருந்து பிள்ளை சரியாத் தூங்கமாட்டேங்கா. தோள்ல போட்டு நீங்க பாடுவீங்களே, அந்தச் சிங்களப் பாட்டைத்தான் நானும் பாடுதேன். அர்த்தம் தெரியாது, ராகம் மட்டும் பிடிச்சுக்கிட்டேன். கொழும்புல டீக்கடை ரேடியோவுல கேட்டுப் படிச்சதா சொன்னீங்க. சினிமாப் பாட்டுன்னுதான் நெனச்சேன்.

நேத்து அடுத்த வீட்டு பிரிஜித் மைனி வந்தாங்க. கொழும்புலயே பொறந்து வளந்தவங்க இல்லையா, கேட்டதும் சிரிச்சிட்டாங்க. "ஏளா, இது ரேடியோவுல வார பாட்டா? அங்கன வீட்டுல அம்மாமாரு பிள்ளையத் தூங்க வைக்கப் பாடுத தாலாட்டுல்லா"ன்னாங்க. அப்புறம் என் மொகத்தைப் பாத்துட்டு, மீன் விலையைப் பேச ஆரம்பிச்சிட்டாங்க.

எனக்கு ஒண்ணும் புரியல அத்தான். ரேடியோவுலயும் என்னைக்காவது தாலாட்டு போடுவாங்களா இருக்கும். இல்லேன்னா டீக்கடைக்காரர் வீட்டுல கைப்பிள்ளை இருக்கும். இப்படி மாத்தி மாத்தி நெனச்சுக்கிட்டே குழம்புக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன்.

இன்னைக்கு மத்தியானம் எங்க அம்மா பாடுத தாலாட்டைப் பாடிப் பாத்தேன். பிள்ளை வீறிட்டு அழுதா. வேற வழியில்லாம அந்தப் பாட்டையே பாடினேன். பாதியிலேயே தூங்கிட்டா.

மீதிப் பாட்டு எனக்குத் தெரியாது. வந்து சொல்லிக் குடுங்க.

இங்கன இருக்கிற பிள்ளைக்கு அம்மா