ரெங்கசாமி கடையில் வெள்ளிக்கிழமை

சேசு மரி சூசை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
4-11-1928, ஞாயிறு

பிரியமுள்ள அண்ணாவுக்கு உர்சுலா எழுதுவது.

நானும் அம்மாவும் சுகம். நீங்கள் மலைக்கு வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் சோறு மிஞ்சுகிறது. அம்மா இன்னும் மூன்று பேருக்கே உலை வைக்கிறார்கள். சொன்னால், "கை பழகிப் போச்சு, நான் என்ன செய்ய" என்கிறார்கள்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். பள்ளிக்கூடத்தில் "ஒரு மலை ஊர்" என்று இங்கிலீஷில் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பெண்கள் மூடுபனி, ரோஜாப்பூ, வெள்ளைக்காரர் பங்களா என்று எழுதப் போகிறார்கள். மலையைப் பார்க்காதவர்களும் அதையெல்லாம் எழுதிவிடலாம். பிரேசர் மலையில் எங்கே என்ன சாப்பிடக் கிடைக்கும் என்று நான் எழுதப் போகிறேன். உங்களுக்குப் பிடித்த இடங்களை எழுதுங்கள். யார் கடை, என்ன வாசனை, குளிரில் சோறு எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது, எதையும் விடாதீர்கள்.

அம்மாவுக்கும் அது தெரிந்தால் நிம்மதி. உங்கள் கடிதம் வந்தால் தையல் மிஷினை நிறுத்திவிட்டு என் எதிரே உட்கார்ந்துகொள்கிறார்கள். நான் வாசிக்கும்போது என் வாயையே பார்க்கிறார்கள்.

உங்கள் தங்கை,
உர்சுலா


பிரேசர் மலை
12-11-1928

அன்புத் தங்கை உர்சுலாவுக்கு,

ரோட்டு ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாகப் பதில் எழுதுகிறேன்.

வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் விடுதியில் மேஜைக்கு விரிப்பெல்லாம் உண்டு என்று சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அதன் பின்வாசல். அங்கே சமையல் செய்யும் சீனர் நல்ல மனிதர். வேலையாகப் போனால், மிஞ்சிய புடிங்கை ஒரு தட்டில் வைத்து நீட்டுவார். பாசாரில் இன்னொரு சீனரின் காப்பிக் கடை இருக்கிறது. ரொட்டியைக் கரி அடுப்பில் வாட்டி, வெண்ணெய் தடவித் தருகிறார். காலையில் காப்பியை உடனே குடிக்க மாட்டோம். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குளிர் போக்கிவிட்டுத்தான் குடிப்போம்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது மலைப்பாதை தொடங்கும் கேட். ஒரே நேரத்தில் வண்டிகள் ஏறவும் இறங்கவும் பாதையில் அகலம் இல்லை. ஆகவே மேலே வரும் வண்டிகள் கேட்டில் காத்துக் கிடக்கும். அங்கே பாக் மாட் என்ற மலாய்க்காரர் கறியைக் குச்சியில் கோத்துச் சாத்தே சுடுகிறார். போன வெள்ளிக்கிழமை லோரிக்குக் காத்திருந்தபோது ஒரு கைப்பிடிக் குச்சியைக் காலி செய்தேன். நாம் காஜாங்கில் தின்றது இதற்குத் தோற்றுவிடும்.

தமிழ்ச் சாப்பாடு என்றால் ரெங்கசாமி கடை. ரோடு வெட்டும் ஆட்கள் சாப்பிடும் இடம். பெஞ்சு ஆடும். இரண்டொரு முறைதான் போயிருக்கிறேன்.

என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

அண்ணன்,
அம்புரோஸ்


சேசு மரி சூசை

பிரிக்பீல்ட்ஸ்
18-11-1928, ஞாயிறு

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

தப்பு என்னுடையது. உங்கள் கடிதத்தை முதலில் மனதுக்குள் வாசிக்காமல் நேரே சத்தமாக வாசித்துவிட்டேன். "வெள்ளிக்கிழமை" என்ற சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அடுத்த வரியில் சாத்தே இருப்பதைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமையிலயா கறி தின்னான்? குச்சி குச்சியாவா?" என்று அம்மா கேட்டார்கள். பயணத்தில் இருப்பவர்களுக்குப் பங்குச் சுவாமியார் விலக்குக் கொடுப்பார் என்று எடுத்துச் சொன்னேன். "லோரிக்கு நிக்கிறதெல்லாம் பயணமாடி?" என்றார்கள்.

இனி அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

"அம்புரோசு, கறி தொடக்கூடாத சுத்தபோசன நாள் எங்க இருந்தாலும் சுத்தபோசன நாள்தான். மலை மேல போயிட்டா வெள்ளிக்கிழமை இல்லாமப் போயிடாது. அந்த ரெங்கசாமி கடையில வெள்ளிக்கிழமை கறி சேப்பாங்களான்னு கேளு. இந்துக்காரங்க நெறையப் பேரு அன்னிக்குத் தொடமாட்டாங்க. சேக்கலைன்னா அங்கயே போய்ச் சாப்பிடு. சாமிதான் வேற, கத்தரிக்காய் ஒண்ணுதான்."

அம்மாவின் வார்த்தை இத்துடன் முடிந்தது. இனிமேல் முதலில் மனதுக்குள் வாசித்துக்கொள்வேன்.

உர்சுலா


பிரேசர் மலை
9-12-1928

அன்புள்ள உர்சுலாவுக்கு,

அம்மா சொன்னது சரிதான். ரெங்கசாமி வீட்டில் வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு உரிய நாள். அன்று கடையில் கறி வாசனையே கிடையாது. மூன்று வெள்ளிக்கிழமையாக அங்கேதான் சாப்பிடுகிறேன். புளிக்குழம்பு, பருப்பு, சுட்ட அப்பளம். குழம்பு கொதித்துக்கொண்டே இலைக்கு வருகிறது, கடைசிக் கவளம் வரை சூடு இருக்கிறது. என் மனச்சாட்சிக்கும் வயிற்றுக்கும் ஒரே கடையில் இடம் கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்.

உன் கட்டுரைக்கு இன்னும் இரண்டு விஷயம். இந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் மெழுகு போல் உறைந்துவிடும். அடுப்பு மேட்டில் வைத்து இளக்க வேண்டும். இட்லி மாவும் இங்கே லேசில் பொங்காது. பானையைக் கோணிச் சாக்கில் சுற்றி, அடுப்புக்கு இடதுபக்க மூலையில் வைத்து, குழந்தையைப் பார்ப்பது போல் அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டு வரும் இட்லி பஞ்சு போல் இருக்கிறது.

கிறிஸ்துமசுக்கு லீவு கிடைக்காது என்று தெரிகிறது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அம்புரோஸ்


சேசு மரி சூசை

பிரிக்பீல்ட்ஸ்
20-1-1929, ஞாயிறு

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

என் கட்டுரையை வகுப்பில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்கள். "இவளுக்கு மலையைப் பார்த்தாலும் பசிதான்" என்று பின்வரிசைப் பெண் ஒருத்தி சொன்னாள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

அம்மாவும் நானும் கிள்ளானுக்கு வாலண்டைன் மாமா வீட்டுக்குப் போய் வந்தோம். அவர் நம் அப்பாவுடன் ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவருடைய மகள் சாந்தமேரியை அம்மா உங்களுக்குப் பேசியிருக்கிறார்கள். நல்ல மாதிரி, அண்ணா. என்னைத் தனியாக அழைத்து, "உங்க அண்ணனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று கேட்டார்கள். சேசு உயிர்த்த பாஸ்குப் பெருநாள் முடிந்ததும் கோவிலில் உங்கள் இருவர் பெயரையும் சொல்லிக் கல்யாண ஓலை வாசிக்கலாம் என்று பேச்சு.

இதற்குக் கீழே எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

சாந்தமேரி கேட்டதற்குப் பதில் தேடி உங்கள் கடிதங்களை எடுத்துத் திரும்ப வாசித்தேன். முதல் கடிதத்தில் நான்கு இடங்கள் இருந்தன. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. கிறிஸ்துமசுக்கு எழுதிய கடிதத்தில் திங்கட்கிழமைத் துவையலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை சுத்தபோசனம் இல்லையே. முன்பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு மாவுப் பானை அடுப்புக்கு இடதுபக்கம் இருப்பது எப்படித் தெரியும்? ரெங்கசாமி இலை போட்டுப் பரிமாறுகிறார் என்றால் உள்ளே மூடியைத் திறந்து பார்க்கிறவர் யார்?

நான் அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள். ஆனால் பதில் எழுதுங்கள்.

உர்சுலா


பிரேசர் மலை
3-2-1929

உர்சுலா,

முதல் தாளை அம்மாவுக்கு வாசி. இந்தத் தாளை வாசிக்காதே.

உள்ளே சமைப்பது ரெங்கசாமியின் தங்கை சீதாலெட்சுமி. ஒருநாள் மழைச்சாரல் பெஞ்சு முழுவதையும் நனைத்துவிட்டது. "கிராணி, உள்ள வந்து அடுப்புப் பக்கம் உக்காருங்க" என்று ரெங்கசாமியே அழைத்தார். அதன்பிறகு மழை இல்லாத நாளிலும் அங்கேதான் உட்கார்ந்தேன்.

ஒன்றும் தவறாக நடக்கவில்லை. பேசியதே கொஞ்சம். போன வாரம் அவள்தான் கேட்டாள்: "வெள்ளிக்கிழமை உங்கம்மா சொன்னாங்கன்னு வரீங்க, சரி. செவ்வாய்க்கிழமை யாரு சொன்னா?" நான் சிரித்தேன். "சிரிச்சா போதுமா? வாயைத் தொறந்து எங்கண்ணன்கிட்ட கேக்கணும். தைரியம் இல்லைன்னா சீனன் கடையில ரொட்டி தின்னுங்க" என்றாள்.

இன்னும் கேட்கவில்லை. அம்மா என்ன சொல்வார்களோ என்று நாளைத் தள்ளிக்கொண்டே வருகிறேன். கிள்ளான் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போட ஏதாவது செய். உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

அம்புரோஸ்


சேசு மரி சூசை

பிரிக்பீல்ட்ஸ்
24-2-1929, ஞாயிறு

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

பாஸ்குக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கிவிட்டது. அம்மா சொல்வதை எழுதுகிறேன்: "பாஸ்கு வரைக்கும் ஒரு நாளும் கறி தொடாத. அந்தப் புண்ணியவான் கடையிலயே மூணு வேளையும் சாப்பிடு. தினமும் மரக்கறி தனியா வைக்கச் சொல்லு. உனக்காக வைக்க மாட்டாங்களா?"

உங்களை அந்தக் கடைக்கு அம்மாவே அனுப்புகிறார்கள், அதையும் என் கையெழுத்தில் அனுப்புகிறார்கள்.

அண்ணா, என்னால் இது முடியவில்லை. போன கடிதத்தில் முதல் தாளை மட்டும் வாசித்தேன். அம்மா என் மடியைப் பார்த்து, "கடுதாசி பெரிசா இருக்கு, வாசிச்சது சின்னதா இருக்கே" என்றார்கள். ஆபீஸ் விஷயம் என்று சொன்னேன். ஞானோபதேசப் புத்தகத்தில் பொய்யைப் பற்றி இருக்கிறது. வாசிக்காமல் விடுவதைப் பற்றி இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அம்மா ஓலை வாசிக்கச் சுவாமியாரிடம் நாள் கேட்டாயிற்று. சாந்தமேரியின் பெயரைக் கோவிலில் எல்லார் முன்னும் வாசித்துவிட்டுப் பிறகு நிறுத்தினால், அவர்கள் ஞாயிறு பூசைக்கு எந்த முகத்தோடு வருவார்கள்? அவர்கள் உங்களுக்கு ஒரு குற்றமும் செய்யவில்லை.

ஆகவே சொல்லிவிடுகிறேன். அடுத்த கடிதத்தில் எத்தனை தாள் இருந்தாலும் அத்தனையையும் வாசிப்பேன். அம்மாவின் காதில் விழலாம் என்பதை மட்டும் எழுதுங்கள். அல்லது விழ வேண்டியதை எழுதுங்கள். என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

உர்சுலா


பிரேசர் மலை
10-3-1929

அன்புள்ள அம்மாவுக்கு அம்புரோஸ் எழுதிக்கொள்வது.

இதை உர்சுலா ஒரு வரி விடாமல் வாசிப்பாள். அவள்மேல் கோபப்படாதீர்கள்.

ரெங்கசாமியின் தங்கை சீதாலெட்சுமியைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன். அவளுக்கும் சம்மதம். கிள்ளானில் வேறு பேச்சு வேண்டாம். முன்பே சொல்லாதது என் கோழைத்தனம்.

போன வாரம் ரெங்கசாமியிடம் கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பசின்னு வந்தீங்க, சோறு போட்டேன். பெரியவங்க யாரும் இல்லாம, இலை முன்னால உக்காந்துகிட்டுப் பொண்ணு கேக்கறது என்ன பழக்கம் கிராணி? உங்காளுங்க வரமாட்டாங்க, அது எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும். நாளையிலேர்ந்து வேற கடை பாத்துக்குங்க."

அன்றிலிருந்து அந்தக் கடைக்குப் போகவில்லை. அவளையும் பார்க்கவில்லை. ரொட்டியும் காப்பியும்தான் சாப்பாடு. தபசுகாலம் என்பதால் அதுவும் சரிதான்.

உங்கள் மனம் நோகும் என்று தெரியும். ஆனாலும் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
அம்புரோஸ்


சேசு மரி சூசை

பிரிக்பீல்ட்ஸ்
24-3-1929, குருத்து ஞாயிறு

பிரியமுள்ள அண்ணாவுக்கு,

முழுவதையும் வாசித்தேன். முடித்ததும் அம்மா, "திருப்பி வாசி" என்றார்கள். வாசித்தேன். "உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?" என்றார்கள். சொன்னேன். அதற்குப் பிறகு சில நாள் அம்மா தலை பின்னிவிடும்போது நன்றாக வலித்தது.

பிறகு ஒரு காலையில் தனியாகக் கிள்ளானுக்கு ரயில் ஏறினார்கள். சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்கள். "ஓலை வேணாம்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு எனக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. குடிக்க முடியல" என்றார்கள். உங்களுக்கு இதை எழுதச் சொல்லவில்லை. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நானே எழுதுகிறேன்.

அப்படியானால் உங்களுக்குச் சம்மதமா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"சம்மதம்னு யாரு சொன்னா? ஞானஸ்நானம் அது இதுன்னு எவ்வளவோ இருக்கு. அதெல்லாம் சுவாமியார் பேசட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மனுசன் அவனை வராதன்னு சொன்னதுல தப்பு இல்ல. எனக்கு ஒரு பொண்ணு இருக்குல்ல, நானும் அப்படித்தான் சொல்லுவேன்" என்றார்கள்.

இன்று குருத்தோலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்கள்: "பாஸ்கு முடியட்டும். நம்ம ரெண்டு பேரும் மலைக்குப் போவோம்."

"பெண் கேட்கவா அம்மா?"

"சாப்பிட. பொண்ணு கேக்கப் போனா வாசல்லயே நிறுத்துவான். கடைக்குச் சாப்பிட வந்த ரெண்டு பொம்பளைங்களை எழுந்து போன்னு சொல்லிடுவானா? வெள்ளிக்கிழமை வேணாம். மத்த நாள்ல கறிக்குழம்பு எப்படி வைக்குதுன்னு பாக்கணும்."

நாங்கள் யார் என்று அம்மா சொல்ல மாட்டார்களாம். நீங்கள் அன்று அந்தப் பக்கமே வரக் கூடாதாம். ஆனால் எனக்கு உங்கள் மூக்கு இருக்கிறதே, இலை போடும்போதே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். குழம்பு காரமாக இருந்து அம்மா ஏதாவது சொல்லிவிட்டாலும் பயம். சீதாலெட்சுமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தால் நான் சிரிக்கலாமா, கூடாதா என்றும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் பெஞ்சில் பெண்கள் யாராவது உட்கார்ந்து சாப்பிட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் உடனே எழுதுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம். மலைக்குக் கட்டிக்கொண்டு போக அம்மா தம் கல்யாணச் சேலையை எடுத்து வெயிலில் போட்டுவிட்டார்கள்.

உங்கள் தங்கை,
உர்சுலா