தெரியாத ஆள் தேய்த்த முதுகு

மிசாசா,
9 நவம்பர் 1996

குனிஹிகோவுக்கு,

சௌக்கியமாகத்தான் இருப்பாய். மேனேஜரோடு ஜம்மென்று ரயிலேறி ஒசாகா போனவனுக்கு என்ன குறை?

எனக்குத்தான் தூக்கமில்லை. கினோசாகி வெந்நீரூற்றின் பொதுக் குளியலறையை நினைத்தால் அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. உன் முதுகெல்லாம் சோப்பு நுரை, என் கையில் துண்டு. ஆவிக்குள்ளிருந்து உன் மேனேஜர் இகரி வந்து, "அட, நீயா! கூட யாரு?" என்கிறார். நீ சொன்னாயே, "தெரியாதுங்க, சும்மா பக்கத்துல உக்காந்திருக்காரு" என்று! அடப்பாவி, தெரியாத ஆள் எவனாவது அக்குள் வரைக்கும் தேய்த்துவிடுவானா? வெளியே வந்தால் இரண்டு பேர் உடம்பிலும் ஒரே விடுதியின் அங்கி வேறு.

வாய் தவறிவிட்டது என்று அதையும் விட்டிருப்பேன். மறுநாள் அவர் "வாயேன், சேர்ந்தே போகலாம்" என்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாயே! அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டுப் பக்கம் பொதுக் குளியலுக்குப் போனால் நீ சாயங்காலம், நான் அதை மூடுகிற நேரம். அக்கம்பக்கம் பேசுமாம். ஒரு தடவையாவது சேர்ந்து குளிக்கத்தானே இத்தனை தூரம் வந்தோம்?

நான் வீட்டுக்கு வரவில்லை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தொத்தோரி மணல்மேட்டில் காரணமே இல்லாமல் ஏறி இறங்கினேன். நாளை பெப்பு போகிறேன். எழுதுவதானால் கீழே உள்ள விடுதி முகவரிக்கு எழுது.

மிட்சுரு


ஒசாகா,
12 நவம்பர்

அன்பு மிட்சு,

திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் என் நிலைமையையும் பார். நாற்பது வயதில் கல்யாணமாகாதவன் என்று ஆபீஸில் ஏற்கெனவே ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பதவி உயர்வுப் பேச்சு நடக்கிற நேரம். நல்லவேளை, இகரிக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

பழக்க தோஷத்தில் தினமும் இரண்டு பேருக்குச் சோறு வைத்துவிடுகிறேன். உன் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். கோபம் ஆறியதும் வந்துவிடு.

உன் குனி


பெப்பு,
14 நவம்பர்

குனி,

இவ்வளவு நடந்தும் உன் கவலை அவருக்குப் புரிந்ததா இல்லையா என்பதுதான்!

இங்கே சுடுமணலில் புதைத்துக்கொண்டு படுக்கலாம். பாதி மூடுவதற்குள் எழுந்துவிட்டேன். மணல் அள்ளிப் போட்ட அம்மா, "கொஞ்ச நேரம் சும்மா கெடக்க முடியாதாய்யா உன்னால?" என்று விரட்டினாள். தினம் ஒரு குளியல் மாற்றுகிறேன், எதுவும் பிடிக்கவில்லை.

நேற்று ஒரு பெரியவர் முதுகு தேய்த்துவிட்டபடி, "வீட்ல சம்சாரம் வரலியா?" என்றார். "சம்சாரம் இல்லீங்க. என் ஆளு ஆம்பளை. ஒசாகால இருக்கான்" என்றேன். "அப்படியா? கொஞ்சம் குனிங்க, கீழ தேய்க்கணும்" என்றார். அவ்வளவுதான், குனி. வானம் இடிந்து விழவில்லை.

இருபத்து நாலாம் தேதி வரை இங்கே இருப்பேன். அதற்குள் நீ ஒரு முடிவு சொல்லாவிட்டால் வீட்டுச் சாவியைத் தபாலில் அனுப்பிவிடுவேன். ஒளிந்து வாழ இனி என்னால் ஆகாது.

மிட்சுரு


ஒசாகா,
20 நவம்பர், விரைவுத் தபால்

மிட்சு,

சாவியை அனுப்பிவிடாதே.

இன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் இகரிக்கு எதிரே போய் உட்கார்ந்து, "கினோசாகில என் முதுகு தேய்ச்சவரு தெரியாத ஆளு இல்லீங்க. பல வருஷமா அவரும் நானும் ஒண்ணா குடும்பம் நடத்துறோம்" என்று சொல்லிவிட்டேன். நூடுல்ஸ் வாயில் பாதி தொங்க என்னையே பார்த்தார். வேலை போச்சு என்று நினைத்தேன்.

மென்று விழுங்கிவிட்டு, "அது அன்னிக்கே தெரியும்யா" என்றார். "நீ அவரை விட்டுட்டு வர மாட்டேன்னு நினைச்சுத்தான் ஒரு மரியாதைக்குக் கூப்பிட்டேன். நீ பாட்டுக்கு ரயில் ஏறிட்டே. உன்கூட அவ்வளவு தூரம் வர்றதுக்கு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு."

அவர் முன்னால் தலை குனிந்தேன், மிட்சு. உன் முன்னாலும் தலை குனிகிறேன். தப்புதான், மன்னித்துவிடு.

வெள்ளி சாயங்காலக் கப்பலில் ஏறுகிறேன், சனி காலை பெப்பு. துறைமுகத்துக்கு நீ வராவிட்டால் ஒவ்வொரு குளியலாகத் தேடுவேன்.

திங்கட்கிழமைக்கு லீவு கேட்டேன். என்ன காரணம் என்று மொத்த ஆபீஸும் கேட்கிற மாதிரி கேட்டார்கள். "வீட்டுக்காரர் கோவிச்சிட்டுப் போயிட்டாரு, போய் கூட்டிட்டு வரணும்" என்றேன்.

குனிஹிகோ