ஓட்டைக்குக் கீழே வளர்ந்த பக்வீட்

என் அக்காள் பெற்ற வாலுக்கு, கண்ணாடிக் குடிலின் முன்னாள் சக்கரவர்த்தியும் இந்நாள் சோதனைக் குழாய் கழுவுகிறவனுமாகிய உன் மாமன் எழுதுவது. இங்கு நலம். அங்கே குளிர் அதிகம் என்று அக்கா சொன்னாள். காலுறை போடாமல் திரியாதே.

இப்போது சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். இது சத்தியம். அக்கா கேட்டால் மாமாவின் வழக்கமான புளுகு என்று சொல்லிவிடு.

ஒரு கண்ணாடிக் குடில் இருந்தது. இந்த முனையில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தால் அந்த முனைக்குப் போவதற்குள் எனக்குத் தாடி வளர்ந்துவிடும், அவ்வளவு நீளம். அதில் நாற்பது தொட்டிகளில் உன் ஆராய்ச்சிக்கான பக்வீட் என்ற தானியச் செடிகள். ஒருநாள் ஒரு காகம் கூரைக் கண்ணாடி ஒன்றை உடைத்தது. அது சிறகை விரித்தால் நாலு தெருவுக்கு விளக்குப் போட வேண்டும்.

அந்த ஓட்டைக்கு நேர் கீழே இருந்த ஆறு தொட்டிகளில் மட்டும் தண்டு சிவந்துபோனது. மற்ற இலைகளைச் சல்லடையாக்கிய பூச்சி, இந்த ஆறையும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். நீ இலையைப் பறித்து அரைத்து இயந்திரத்தில் விட்டாய். மறுநாள் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "ரூட்டின் மூணு மடங்கு இருக்கு மாமா" என்றாய்.

கண்ணாடி வெயிலின் புற ஊதாக் கதிரை வடிகட்டிவிடும், ஓட்டை வழியே முழு வெயிலும் இறங்கும், அதைத் தாங்கச் செடி ஃபிளவனாய்டு என்ற பொருளைத் தானே தயாரித்து இலைக்குள் நிரப்பிக்கொள்ளும், அந்த வகையில் ஒன்றுதான் ரூட்டின் என்று பொறுமையாகச் சொன்னாய். "குடை கிடைக்காதவன் தானே குடையாயிட்டான்னு சொல்லு" என்றேன். சிரித்தாய்.

பிறகுதான் அந்த உத்தரவு. "விதை முத்துற வரைக்கும் கண்ணாடியை மாத்த விடாதீங்க மாமா" என்றாய். நான் மறந்துவிடுவேன் என்று அதையே ஒரு தொட்டிச் சீட்டில் பென்சிலால் எழுதி, தேதியும் போட்டு, முதல் தொட்டியில் செருகினாய். கண்ணாடிக்காரர் மூன்று முறை ஏணியோடு வந்தார். முதல் முறை கூரையில் குளவி என்றேன். இரண்டாம் முறை ஏழு தலைப் பாம்பு. மூன்றாம் முறை, ஏறினால் குடில் பறந்துவிடும் என்றேன். மனிதர் திரும்பியே பார்க்கவில்லை.

அப்புறம் மழை. ஏழு கடலும் அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் இறங்கின. அதே குடிலில் மூத்த விஞ்ஞானி இரண்டு வருஷம் பாடுபட்டு ஒட்டுச் சேர்த்த தக்காளி நாற்றுகளெல்லாம் அழுகிப்போயின. இயக்குநர் விசாரணை வைத்தார்.

வேலையிடத்தில் மற்றவர்கள் முன்னால் மாமா என்று கூப்பிடமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டவள் நீ. நானும் சரி என்றேன். ஆனால் விசாரணையில், மூன்று நாற்காலி தள்ளி நான் உட்கார்ந்திருக்க, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கூரையைப் பார்த்துக்கறது அந்த ஆளோட வேலை" என்றாய். அன்று நான் அழுத அழுகையில் மூன்று தண்ணீர்த் தொட்டிகள் நிரம்பின. தோட்டக்காரர்கள் தூண்டில் போட்டு மீன் பிடித்தார்கள்.

உன் கட்டுரையை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். "கூரையின் ஒரு பகுதி திட்டமிட்டுத் திறந்து வைக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். ஆக, அங்கே திட்டம் உன்னுடையது, இங்கே குற்றம் என்னுடையது. இரண்டையும் சேர்த்துப் படிக்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. குழாய் கழுவுகிறவனுக்கு யோசிக்க நிறைய நேரம்.

வரும் வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறார்கள். என் இருபத்திரண்டு வருஷ வேலை இருக்குமா போகுமா என்று அன்று தெரியும். சீட்டு எங்கே என்று உனக்குக் கவலையிருக்கும். அதை ஒரு நத்தை தின்றுவிட்டது என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. என் சட்டைப் பையில் இருக்கிறது. எடுத்துக் காட்டினால் உன் பட்டம் ஆடும். காட்டுவேனா மாட்டேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. அதற்குள் இயக்குநருக்கு நீயே ஒரு வரி எழுது. மாமா என்றுகூடக் குறிப்பிட வேண்டாம். "கண்ணாடியை மாற்ற வேண்டாமென்று நான்தான் சொன்னேன்" என்று மட்டும் எழுது.

சின்ன வயதில் நீ எதைப் போட்டு உடைத்தாலும் நான் உடைத்ததாகத்தான் அக்காவிடம் சொல்வேன். உன்மேல் ஒரு வெயிலும் படவிடவில்லை. தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டதோ என்னவோ.

நன்றாக இரு. நிறையப் படி. உன் பெயர் எங்கு அச்சானாலும் தலை நிமிர்ந்து படிக்கும்படி இரு.

இப்படிக்கு,
அந்த ஆள்.

பின்குறிப்பு: காகத்தின் சிறகளவு, பாம்பு, ஏழு கடல் எல்லாம் புளுகு. தொட்டி நிரம்பவில்லை, மீனும் இல்லை. அழுதது மட்டும் நிஜம்.