யார் தப்பு என்று யாரும் கேட்கவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எட்டு விரலோடு நான் சௌக்கியம், பத்து விரலோடும் ஒரு நாக்கோடும் உன் அம்மா என்னைவிட சௌக்கியம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்தால் எங்களுக்கு வேறு குறை இல்லை. எழுத்தைப் பார்த்து யாரோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கிறுக்கியது என்று நினைக்காதே, இது என் இடது கை, இப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கிறது. போனில் பேசக் கூடாதா என்று கேட்பாய். போனில் பேசினால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், மீதியை நீ "சரிப்பா, சரிப்பா" என்று ஓட்டிவிடுவாய். இது அப்படி ஓட்டிவிடுகிற விஷயம் இல்லை. அதனால்தான் விட்டு விட்டு எழுதுகிறேன், முடித்ததும் அம்மா படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள்.

உன் தொழிற்சாலையில் நடந்ததை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டாயாம். அவளிடம் போய் ரகசியம் சொன்னாயே, அடுப்பில் பால் பொங்குவதற்குள் எல்லாம் என் காதுக்கு வந்துவிட்டது. நீ மேற்பார்வை பார்க்கிற லைனில் பெட்டி ஒட்டுகிற மெஷினில் ஒரு பெண்ணின் கை மாட்டி நசுங்கிவிட்டது, நீதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாய், அன்று சாயந்திரம் "அந்த மெஷினோட தடுப்பைக் கழட்டி மாசக்கணக்காச்சும்மா, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று அம்மாவிடம் அழுதாய். அடுத்த தடவை பேசியபோது வேறு பேச்சு. விபத்து அறிக்கையில் அவளுடைய கவனக்குறைவு என்று எழுதச் சொல்கிறார் மேனேஜர், "எழுதினா என்னம்மா, அவ கையை விட்டது நிஜம்தானே" என்று கேட்டாயாம். திங்கட்கிழமை நீ கையெழுத்துப் போட வேண்டுமாம். உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அம்மா பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். அந்தப் பதிலைத்தான் நான் எழுதுகிறேன். எனக்கு அடிபட்டபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை, அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை, ஆனால் அதனாலேயே நடந்த கதை முழுதாக உனக்குத் தெரியாது.

எங்கள் பேக்கரியின் மாவு பிசைகிற மெஷின் உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் அந்தத் தொட்டி சுற்றுவதைப் பார்த்துக் கை தட்டுவாய். மூடியைத் திறந்தால் அது தானாக நின்றுவிட வேண்டும், அதற்கென்று ஒரு சுவிட்ச் உண்டு. ஓரத்தில் ஒட்டிய மாவைச் சுரண்ட ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் திறந்து சுரண்டி மூடி மறுபடி ஓடவிட்டால் ஆர்டர் பிந்திவிடும் என்று அந்தச் சுவிட்சை டேப் சுற்றி அமுக்கி வைத்திருந்தோம். சுற்றியது யார் என்று கேட்காதே, பழைய டேப் கழன்றால் பக்கத்தில் நிற்கிறவர் சுற்றுவார், டேப் வாங்கிக் கொடுப்பது முதலாளி. மூடி திறந்திருக்க, மெஷின் ஓட ஓடச் சுரண்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எனக்குப் "புயல்" என்று பேர் வைத்ததே முதலாளிதான். புதிதாக வருகிறவர்களை என் பக்கத்தில் நிறுத்தி "புயலைப் பாத்துக் கத்துக்கங்க" என்பார், எனக்கும் மனசு குளிர்ந்துபோகும். பிறகு ஒரு நாள், ஆயிரக்கணக்கான தடவை செய்த அதே வேலையில், ஒரே ஒரு தடவை கை கொஞ்சம் பிந்திவிட்டது. நடுவிரலும் மோதிர விரலும் போயின.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தன் சட்டையைக் கழற்றி என் கையில் சுற்றி, பனியனோடு காரை ஓட்டிக்கொண்டு போனார். என்ன நடந்தது என்று நர்ஸ் கேட்டபோது அவர்தான் அழுதுகொண்டே "மூடி தொறந்திருந்துச்சும்மா, நாங்கதான் சுவிட்ச கட்டி வெச்சிருந்தோம்" என்றார். நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். அன்றைக்கு அவர் மனுஷனாக இருந்தார், கொஞ்ச நாள் கழித்துத்தான் மறுபடி முதலாளி ஆனார். ஒரு கூடை பழத்தோடு வீட்டுக்கு வந்தார், பழத்துக்கு அடியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. விபத்து என் கவனக்குறைவால் நடந்தது, எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று டைப் அடித்திருந்தது. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் புயலு" என்றார். கட்டுப் போட்ட கையால் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்றால், மைப்பெட்டியும் கையோடு கொண்டு வந்திருக்கிறார், இடது பெருவிரல் போதுமாம். நான் விரலை நீட்டிவிட்டேன் பாப்பா. யாரும் என்னை மிரட்டவில்லை, என் தப்பு என்று நானே நம்பினேன். உன் அம்மா குறுக்கே வந்து மைப்பெட்டியைப் பட்டென்று மூடி, "மாத்திரை மயக்கத்துல இவருக்கு எந்த விரல் எதுன்னே தெரியல சார், தெளியட்டும் பாக்கலாம்" என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள். பழத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் நான் இருந்த இருப்பை உன்னிடம் சொன்னதில்லை. விரல் போன வலியைவிட, என் முட்டாள்தனத்தால் உன் அம்மாவை இப்படி வருமானம் இல்லாமல் உட்கார வைத்துவிட்டேனே என்ற வலி பெரிது. யாராவது பார்க்க வந்தால் கையைத் துண்டுக்கு அடியில் ஒளித்துக்கொள்வேன், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி. அம்மா பார்த்துப் பார்த்து ஒரு நாள் என்னைத் தரதரவென்று இழுக்காத குறையாக, அடிபட்ட தொழிலாளர்களுக்கு வழக்கு பார்க்கிற ஒரு வக்கீல் பெண்ணிடம் கூட்டிப் போனாள். உன் வயதுதான் இருக்கும், மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தாள், எங்களைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டாள். நான் உட்காரும்போதே "தப்பு என்னோடதுதான் மேடம்" என்று ஆரம்பித்து, டேப், சுவிட்ச், கை பிந்தியது எல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டாள். வேலை நேரத்தில் நடந்ததா என்றாள், ஆமாம். முதலாளியின் வேலையைத்தானே செய்துகொண்டிருந்தீர்கள் என்றாள், ஆமாம். "அப்ப அவ்வளவுதான் ஐயா. யார் தப்புன்னு நான் கேக்கவே இல்லையே" என்றாள். இங்கே உள்ள சட்டத்தில் நஷ்டஈட்டுக்கு அந்தக் கேள்வியே கிடையாதாம். வேலை செய்கிற மனுஷனுக்கு அசதி வரும், அவசரம் வரும், கை பிந்தும், இதெல்லாம் தெரிந்தேதான் சட்டம் போட்டிருக்கிறார்களாம். அது பிச்சையும் இல்லை, முதலாளிக்குச் செய்கிற துரோகமும் இல்லை. பாப்பா, உன் அப்பா ஒரு சின்னப் பெண் முன்னால் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். உன் அம்மா என்னைத் தேற்றாமல் அவளைப் பார்த்து "நீ சாப்பிடும்மா, ஆறிடும்" என்கிறாள். வழக்கில் முதலாளி தரப்பு பேச்சை மாற்றப் பார்த்தது, அன்றைக்கு நர்ஸ் எழுதி வைத்த அவருடைய சொந்த வார்த்தையே எனக்குத் துணை நின்றது. இப்போது என் வைத்தியத்துக்கும் எங்கள் சாப்பாட்டுக்கும் வழி இருக்கிறது, நீ அனுப்புவதைக் குறைத்துக்கொள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்காலத்தில் நீ போனில் சொன்னாய், "எங்க லைன்ல ஒரு ராக்கெட் இருக்காப்பா, அவ வேகத்துக்கு யாரும் கிட்ட வர முடியாது" என்று. சிரித்துக்கொண்டே சொன்னாய், நம்ம கட்சி ஆள் ஒருத்தி அங்கேயும் இருக்கிறாள் என்று நானும் சிரித்தேன். இப்போது கை நசுங்கிக் கிடப்பவள் அவள்தான் என்று அம்மா சொல்கிறாள். வேகமாகச் செய்தபோது அது திறமை, அடிபட்டதும் அது கவனக்குறைவா? அதே கை, அதே மெஷின், நடுவில் மாறியது என்ன? அம்மாவிடம் அன்று சாயந்திரம் அழுதபடி நீ சொன்னதுதான் நடந்தது, அதை எழுது. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம், யாரையும் திட்ட வேண்டாம். நீயும் பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதையும் எழுது, கஷ்டமாகத்தான் இருக்கும். உன் பேரைச் சொல்லாமல் வக்கீல் பெண்ணிடம் கேட்டேன். ஊருக்கு ஊர் சட்டம் மாறும், அங்கே இந்த மாதிரி வழக்குப் பார்க்கிறவர்களிடம் உடனே விசாரிக்கச் சொல்லுங்கள், எதில் கையெழுத்துப் போட்டாலும் ஒரு நகல் கையில் இருக்கட்டும் என்றாள். கை நசுங்கிய பெண்ணும் நாள் கடத்தாமல் தன் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டுமாம். இதனால் உன் வேலை போகாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். போனால் நேரே வீட்டுக்கு வா. உன் அறை அப்படியேதான் இருக்கிறது, உன் அம்மா கட்டில் மேல் வெங்காயம் பரப்பி வைத்திருக்கிறாள், அள்ளிவிட்டால் போச்சு.

கை நோகிறது, நிறுத்துகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை பத்து விரலோடும் உன் மனசு நிம்மதியோடும் இருக்க வேண்டும், அப்பா அம்மா ஆசீர்வாதம் என்றைக்கும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. திங்கட்கிழமைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார். இந்நேரம் கையைப் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, என் தப்பு என் தப்பு என்று சொல்லிக்கொண்டு படுத்திருப்பாள், எனக்குத் தெரியும். யார் தப்பு என்று நான் கேட்க வரவில்லை என்று அவளிடம் சொல். வேலை செய்த இடத்திலிருந்து ஒருவராவது வந்து அதைச் சொல்ல மாட்டாரா என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன், யாரும் வரவில்லை. போகும்போது பழம் வாங்கிக்கொண்டு போ. காகிதம் எதுவும் கொண்டு போகாதே.

இப்படிக்கு,
இடது கையால்,
உன் அப்பா